கேள்வி – பதில்: மேடையைப் பார்க்காத கூட்டம்

கேள்வி: நண்பர் வீட்டு நாள்காட்டியில் பழைய ஐரோப்பியத் திருவிழா ஓவியம் ஒன்றைக் கண்டேன். உயரமாக மேடை போட்டு நாடகம் நடக்கிறது. கூட்டத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஓவியர் வரைய நினைத்தது நாடகத்தையா, கூட்டத்தையா?
– வாசகர், அந்தியூர்

பதில்: கூட்டத்தைத்தான். ஆடி மாதம் உங்கள் ஊர்க் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களில் சாமி கும்பிட வந்தவர் யார், சந்தையில் குதிரைக்குச் சுழி பார்க்க வந்தவர் யார், ராட்டினம் சுற்ற வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதல்லவா? இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிளாண்டர்ஸ் பகுதியில் தேவாலயத் திருநாளையொட்டி நடந்த ‘கெர்மிஸ்’ என்ற ஊர்த்திருவிழாவும் அப்படிப்பட்ட கலவைதான். 16, 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அதைச் சலிக்காமல் வரைந்தார்கள்.

நீங்கள் பார்த்தது அநேகமாகப் பீட்டர் பால்டன்ஸ் வரைந்து இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியமாகவோ, அதே காட்சியை இளைய பீட்டர் புரூகல் (ஓவியர் மூத்த புரூகலின் மகன்) வரைந்ததாகவோ இருக்கலாம். மேடையில் கூடை சுமந்த ஆள் ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள். நின்றால், நடப்பது ‘பிளாயர்வாட்டர்’ என்ற கேலி நாடகம். நோயாளிபோல் நடிக்கும் மனைவி, எங்கோ தொலைதூரத்தில் கிடைக்கும் மருந்துத் தண்ணீரைக் கொண்டுவரும்படி கணவனை அனுப்பிவிட்டுப் பாதிரியாருடன் விருந்துக்கு உட்காருகிறாள். வழியில் எதிர்ப்பட்ட கோழி வியாபாரி உண்மையைச் சொல்லி, அந்தக் கணவனைத் தன் கூடைக்குள் ஒளித்து அவன் வீட்டுக்கே சுமந்து வருகிறான். கூடையிலிருந்து கணவனின் தலை எட்டிப் பார்க்கும் நொடிதான் படத்தில் இருக்கிறது. சிரிப்புக்கு உச்சமான அந்த இடத்தைப் பிடித்துவிட்டு, அதற்கு ஓவியர் படத்தில் ஒரு மூலையளவு இடமே ஒதுக்குகிறார். ஆடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் மிச்ச இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முன்னால் நிற்பவர் பின்னால் இருப்பவரை மறைத்துவிடாதபடி, மாடியிலிருந்து பார்ப்பதுபோலத் தொடுவானத்தை மேலே ஏற்றி வரைவது இந்த ஓவியர்களின் வழக்கம். யாரையும் விட்டுவிட மனமில்லாதவர்களின் உத்தி அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: இந்த நாடகங்களில் நடித்தவர்கள் நம் கூத்துக்காரர்களைப்போல அதையே தொழிலாகக் கொண்டவர்களா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. ‘ரெடரைக்கர்’ மன்றங்கள் என்று ஊர்தோறும் இருந்தன. கைவினைஞர்களும் வணிகர்களும் அவற்றில் சேர்ந்து கவிதை எழுதினார்கள், நாடகம் போட்டார்கள். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரின் ‘வியோலிரன்’ மன்றம் ஓவியர் சங்கத்தோடு இணைந்திருந்தது. 1561இல் பிரபாண்ட் பகுதி மன்றங்கள் கலந்துகொண்ட பெரிய நாடகப் போட்டியை நடத்தியதும் அதுதான். ஓவியரும் நடிகரும் ஒரே கூரையின்கீழ் பழகியதால்தான், திரைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதுவரை அந்நகரத்து ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: மூத்த புரூகல் குடியானவர் வீட்டில் பிறந்தவராமே?
– வாசகர், காங்கேயம்

பதில்: ‘குடியானவ புரூகல்’ என்ற பட்டப்பெயரால் வந்த எண்ணம் அது. வணிக நண்பர் ஒருவரோடு குடியானவர்போல உடை உடுத்திக் கிராமத்துக் கல்யாணங்களுக்குப் போய், பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ உறவு என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்களைப்போலப் பரிசும் கொடுத்து உட்கார்ந்திருப்பார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த கரேல் வான் மாண்டர் 1604இல் எழுதினார். புரூகல் இறந்தது 1569இல்; எனவே இந்தச் சுவையான கதையை அளவோடுதான் நம்ப வேண்டும். உறுதியாகத் தெரிந்தது, அவர் ஆண்ட்வெர்ப்பிலும் பிரஸ்ஸல்ஸிலும் வாழ்ந்த நகரத்துக்காரர் என்பதும், ஆண்ட்வெர்ப் செல்வந்தர் நிக்கோலாஸ் யோங்கெலிங்கிடம் மட்டும் 1566இல் அவருடைய ஓவியங்கள் 16 இருந்தன என்பதும்தான். குடியானவரின் ஆட்டம் பாட்டமெல்லாம் பணக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவர்கள் அதைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாங்கியவர்கள் சிரித்திருக்கலாம், தின்கிற வாயையும் தூக்கிய காலையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்து வரைந்தவரின் கையில் ஏளனத்தை நான் காணவில்லை.

கேள்வி: மூத்த புரூகலின் ஓவியங்களிலும் தெரு நாடகம் உண்டா?
– வாசகி, உடுமலை

பதில்: 1559இல் வரைந்த ‘கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டை’யில் இரண்டு நாடகங்கள் இருக்கின்றன. கார்னிவல் என்பது தவக்கால நோன்புக்கு முந்தைய கொண்டாட்டம். பீப்பாயின்மேல் ஏறி, பன்றிக்கறி குத்திய கம்பியை ஈட்டியாக நீட்டும் தடியரும், அப்பம் சுடும் நீளத் துடுப்பில் இரண்டு மீன்களை வைத்து எதிர்த்து வரும் மெலிந்த உருவமும்தான் முதலில் கண்ணில் படும்; தடியர் கார்னிவல், மெலிந்தது தவக்காலம். நாடகங்கள் இவற்றுக்கு அப்பால். இடப்பக்கச் சத்திர வாசலில் ‘அழுக்கு மணப்பெண்’ நாடகம். கொஞ்சம் பின்னால், காட்டில் வளர்ந்த ஓர்சனையும் அவன் உடன்பிறப்பு வாலண்டைனையும் பற்றிய நாடகம். அசல், வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். நாள்காட்டி அளவில் இதைப் பார்ப்பது வீண். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் திறந்து, ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.