பல ஆய்வுகளின் மாறிகளை ஒத்திசைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐந்து ஆய்வுகளின் தரவையும் ஒன்றாக ஒட்டிவிட்டுப் பிறகு சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் இலக்கு மாறியின், அதாவது எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவாக உருவாக்கப் போகும் மாறியின், வரையறை, அலகு, ஏற்கும் வரம்பு மூன்றையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வோர் ஆய்வின் வினாத்தாளையும் பார்த்து முழுதாகப் பொருந்தும், பாதி பொருந்தும், பொருந்தாது என்று குறியுங்கள். மூல மாறியின் மேல் எழுதவே கூடாது. புதிய மாறியை உருவாக்குங்கள்.

கேள்வி: ஓர் ஆய்வில் குளுக்கோஸ் 5.5, இன்னொன்றில் 99. எது சரி?

பதில்: இரண்டும் ஒன்றுதான், லிட்டருக்கு மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். கொலஸ்ட்ராலுக்கு 38.67, டிரைகிளிசரைடுக்கு 88.57. ஆனால் 99 என்பது ‘பதில் இல்லை’ குறியீடாகவும் இருக்கலாம். பரவல் வரைபடத்தில் 99இல் மட்டும் கம்பம் எழுந்தால் குறியீட்டு நூலை (எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற பட்டியலை) திறந்து பாருங்கள். வெறும் வயிற்றிலா, பிளாஸ்மாவா, முழு இரத்தமா என்பதும் தெரிய வேண்டும்.

கேள்வி: ஹெச்பிஏ1சிக்கும் (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 18தானா?

பதில்: இல்லை. மோலுக்கு மில்லிமோலில் உள்ள அளவை 0.0915ஆல் பெருக்கி 2.15 கூட்டினால் சதவீதம் வரும். 48 என்பது 6.5 சதவீதமாகும்.

கேள்வி: மதுவை எப்படி ஒப்பிடுவது?

பதில்: நாளொன்றுக்கு எத்தனை கிராம் எத்தனால் (மதுவிலுள்ள ஆல்கஹால்) என்று. ஒரு ‘டிரிங்க்’ அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10. பிரிட்டனின் ஒரு யூனிட் 8. மில்லிலிட்டரில் இருந்தால் அளவு × சதவீதம் × 0.789 (எத்தனாலின் அடர்த்தி): 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் சுமார் 13 கிராம்.

இன்னொருவர்: ஊற்றும் அளவே ஆளுக்கு ஆள் மாறும்போது கிராம் கணக்கு எதற்கு?

பதில்: ஊற்றும் பிழை பெரும்பாலும் ஆய்வுக்குள் சிதறும். 8க்கும் 14க்கும் உள்ள இடைவெளியோ ஓர் ஆய்வு முழுவதையும் ஒரே பக்கம் சாய்க்கும். ஒப்பீட்டைக் கெடுப்பது இதுதான்.

அவரே: அப்படியானால் குடிப்பவர், குடிக்காதவர் என்று இரண்டாகப் பிரித்தால் போதுமே?

பதில்: போதாது. நோய் வந்ததால் விட்டவர்கள் ‘குடிக்காதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். குடிக்காதவர்களுக்கே நோய் அதிகம் என்று தரவு காட்டும். ஒருபோதும் குடிக்காதவர், விட்டவர், இப்போது குடிப்பவர் என்று மூன்று பிரிவாவது வேண்டும். ‘விட்டவர்’ கேள்வியே இல்லாத ஆய்வை அந்த மாறியில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: புகைக்கு ஆம்/இல்லை போதுமா?

பதில்: மேலே சொன்னதே. சில கருத்தாய்வுகள் வாழ்நாளில் 100 சிகரெட் புகைத்தவர்களிடம் மட்டுமே ‘இப்போது புகைக்கிறீர்களா’ என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியே கேட்கப்படாத மற்றவர்களின் வெற்றிடத்தை விடுபட்ட தரவாக எண்ணாதீர்கள்.

கேள்வி: 777, 999 வந்தால்?

பதில்: மேலே 99 பற்றிச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரத்த அழுத்தம் ஓர் ஆய்வில் ஒருமுறை, இன்னொன்றில் மூன்றுமுறை எடுத்திருக்கிறார்கள். சராசரி போடலாமா?

பதில்: முதல் அளவு பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். முதல் அளவை முதல் அளவோடு ஒப்பிடுங்கள். இரத்த அழுத்த மருந்து எடுப்பவரைத் தனியாகக் குறியிடுங்கள்.

கேள்வி: எக்செலில் திருத்தலாமா?

பதில்: கையால் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும், மூல மாறி தொடப்படாமல் இருக்கட்டும்.