ஸ்லைடை வாசிக்கிற பிள்ளைகள்

அன்புள்ள அக்கா,

வீட்டோடு சின்னதாக ஓர் ஆங்கில வகுப்பு வைத்திருக்கிறேன். ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதிவிட்டு வந்த பன்னிரண்டு பிள்ளைகள். இலக்கணம் கேட்டால் பிழையில்லாமல் எழுதுவார்கள், கதைக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். கூச்சம் போகட்டும் என்று ஆளுக்கொரு பவர்பாயின்ட் செய்து வரச் சொன்னேன். எல்லாரும் இணையத்திலிருந்து பந்தி பந்தியாக எடுத்து ஒட்டி, சுவரைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள தங்கை,

விட வேண்டாம். ஸ்லைடில் இருக்கிற எழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். எழுத்து இருந்தால் கண் அங்கேதான் போகும், வாய் வாசிக்கத்தான் செய்யும், அது பிள்ளைகளின் குற்றமில்லை.

பெச்சகுச்சா என்று ஒரு முறை இருக்கிறது. 2003இல் தோக்கியோவில் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது. 20 படம், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, படம் தானாக மாறிவிடும், 6 நிமிடம் 40 விநாடியில் முடிந்தது கதை. அளவில்லாமல் பேசுகிறவர்களுக்குக் கடிவாளம் போட வந்த விதி இது. ஆனால் பேசவே பயப்படுகிறவர்களுக்குத்தான் அது கூடுதலாகக் கைகொடுக்கிறது என்பதை என் வெள்ளவத்தை வகுப்பில் பார்த்திருக்கிறேன். 20 விநாடிக்கு இரண்டு மூன்று வசனம் போதும், கேட்கிறவர்களின் கண் படத்தில் இருக்கும், பிழை விட்ட வசனமும் படத்தோடு போய்விடும், திரும்பிப் போய்த் திருத்த நேரமே இல்லை.

தொடக்கக்காரர்களுக்கு 20 படம் அதிகம், ஆறு போதும். அதுவும் அவர்களே போனில் எடுத்த படமாக இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெடியன், அவனுடைய அப்பா காலிமுகத்திடலில் இறால் வடை போடுகிறவர், வடை சுடுவதைப் படமெடுத்து வந்தான். ஒரு படத்தில் பருப்பு ஊறுகிற வாளி. ஊறப்போடுவதற்கு ஆங்கிலம் வரவில்லை. ஒரு நொடி நின்றான், படம் மாறப்போகிறது, உடனே “தால் ஸ்லீப் இன் வாட்டர், வன் நைட்” என்றான். எல்லாருக்கும் விளங்கிவிட்டது! பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மெல்ல “சோக்” (soak) என்று எடுத்துக் கொடுத்தாள், அடுத்த சுற்றில் அவன் அதையே சொன்னான். கொப்பியில் பத்துத் தரம் எழுதியிருந்தாலும் அந்தச் சொல் இப்படி ஒட்டியிருக்காது.

அடுத்த சுற்று என்றேனே, அதுதான் முக்கியம். ஒரே பேச்சை ஆள் மாற்றி மாற்றி மூன்று பேருக்குச் சொல்ல வையுங்கள். நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் பரப்பிய 4/3/2 முறை இதுதான், முதலில் நான்கு நிமிடம், பிறகு மூன்று, பிறகு இரண்டு. நான் படத்துக்கு 30, 20, 15 விநாடி என்று குறைப்பேன். மூன்றாவது தரம் சொல்லும்போது வசனம் தானாக ஓடும்.

நடுவில் திருத்தாதீர்கள். குறித்து வைத்து, முடிந்தபிறகு ஆளுக்கு இரண்டு பிழை சொன்னால் போதும். நம்முடைய சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தை ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று அர்த்தம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே பயம்தான், வாயைத் திறந்தால் யாராவது வெட்டிவிடுவார்கள் என்று. அந்த வாளை நாமே தூக்கக்கூடாது. அப்புறம், முடிவில் கேட்டவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும், பாடமாக்கி வந்தவர்களும் அங்கே சொந்தமாகக் கதைத்தே ஆகவேண்டும்.

லேப்டாப் இல்லாவிட்டால் போனைக் கையில் பிடித்தபடியே சொல்லலாம். முதல் வாரம் பெரிய தலைப்பெல்லாம் வேண்டாம், வீட்டிலிருந்து உங்கள் வகுப்புக்கு வரும் வழியில் ஆறு படம். பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கல் தூண், சாந்த லூசியாள் பேராலயத்துக் குவிமாடம், தேத்தண்ணீர்க் கடை, எதுவானாலும் சரி. முதலில் நீங்கள் உங்கள் ஆறு படத்தோடு எழுந்து நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா