இழுக்கிறதா, இடிக்கிறதா?

ஆசனமும் எலும்பும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு வயது 38. சம்மணம் போட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருவேன், பத்மாசனம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. இடது பாதத்தைத் தூக்கித் தொடைமேல் வைத்தால் முழங்காலின் உட்பக்கம் சுருக்கென்கிறது. பழகப் பழக வரும் என்கிறார் மாஸ்டர். என்னோடு சேர்ந்த பெண்ணோ முதல் வாரமே போட்டுவிட்டாள். எனக்கு மட்டும் என்ன குறை?
- வாசகி, ஈரோடு

பதில்: குறை ஒன்றும் இல்லை. ஆனால் முழங்காலில் சுருக்கென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள், மாஸ்டர் என்ன சொன்னாலும் சரி. பத்மாசனத்தில் சுழல வேண்டியது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் மடக்கி நீட்டத்தான். மடங்கிய நிலையில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவே. தொடை போதுமான அளவு வெளிப்பக்கம் சுழலாதபோது நீங்கள் பாதத்தைக் கையால் இழுத்து மேலே வைத்தால், மீதித் திருகலை முழங்கால்தான் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்கும். அது கிழிந்தால் லேசில் ஆறாது, அதன் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது.

சரி, அந்தப் பெண்ணுக்கு எப்படி வந்தது? தொடை எலும்பின் கழுத்துப் பகுதி கொஞ்சம் முன்னோக்கித் திரும்பியிருக்கும். பிறக்கும்போது 30, 40 டிகிரிகூட இருக்கும், வளர வளரக் குறைந்து பெரியவர்களில் சராசரியாக 15 டிகிரி அளவில் நிற்கும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். அதிகமாகத் திரும்பியிருந்தால் தொடை உட்பக்கம் தாராளமாகச் சுழலும், வெளிப்பக்கம் சிக்கனமாகத்தான். குறைவாக இருந்தால் நேர்மாறு, அந்தப் பெண்ணுக்கு அப்படி இருக்கலாம். சின்ன வயதில் இரண்டு பாதத்தையும் வெளியே தள்ளி, நடுவில் தரையில் பொத்தென்று உட்காருவீர்களா? அப்படியென்றால் நீங்கள் இந்த வகையாக இருக்கலாம். 38 வயதில் எந்த ஆசனமும் அந்தக் கோணத்தை மாற்றாது.

தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், அது வேறு கதை. பிட்டத்திலோ தொடையின் வெளிப்புறத்திலோ இழுத்தால் தசை, மாதக்கணக்கில் பழகினால் விட்டுக்கொடுக்கும். கவட்டைக்குள் முட்டுப்போட்டதுபோல் இடித்து நின்றால் அநேகமாக எலும்பு எலும்பைத் தொடுகிறது, அங்கே தள்ளிப் பயனில்லை. சம்மணமே போதும். தியானத்துக்கு அதில் எந்தக் குறையும் வராது.

கேள்வி: உட்கார்ந்தபடி உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் 'இடுப்பிலிருந்து திருப்புங்கள்' என்கிறார்கள். எனக்கு இடுப்பு அசையவே இல்லை.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இங்கே இடுப்பு என்பது கீழ்முதுகு, அது யாருக்கும் பெரிதாகத் திரும்பாது. கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளும் பின்பக்கம் ஒன்றோடொன்று இணையும் முகங்கள் குனிந்து நிமிர வழிவிடும், திரும்பத் தடுக்கும்; ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி கிடைத்தால் அதிகம். திரும்புவதெல்லாம் நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளெலும்புகளிலும் கழுத்திலும்தான், கழுத்தின் சுழற்சியில் ஏறக்குறைய பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்புக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது. அதனால் நெஞ்சைத் திருப்புங்கள். இடுப்பெலும்பும் கூடவே கொஞ்சம் திரும்பினால் திரும்பட்டும், அதைத் தரையோடு ஆணியடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: குந்தி உட்காரும் மாலாசனத்தில் குதிகால் தரையில் பதியவில்லை. என் பாட்டிக்குச் சுலபமாகப் பதிகிறது!
- வாசகி, மதுரை

பதில்: பாட்டி குந்தி உட்கார்ந்தே வளர்ந்தவர். அப்படி வளர்ந்தவர்களின் கணுக்கால் எலும்புகளில், முன்பக்கம் ஒன்றையொன்று தொடும் இடத்தில், சின்னத் தளங்கள் உருவாகியிருப்பதை எலும்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுக்குக் கெண்டைக்கால் இழுத்தால் பழகுங்கள். கணுக்காலின் முன்பக்கம் இடித்தால் குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.