அமெரிக்காவின் மிச்சிகனில், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி வரி "புதுப்பிப்பு" என்றால் வீட்டு வரி கூடுமா?

கூடாது, பெரும்பாலும். ஏற்கெனவே நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் விகிதத்தையே இன்னும் சில ஆண்டுகளுக்குத் தொடரலாமா என்றுதான் வாக்குச்சீட்டில் கேட்கிறார்கள். "இல்லை" ஜெயித்தால், காலக்கெடு முடிந்ததும் அந்த வரி நின்றுவிடும்.

கணக்கு இதுதான். வரி விகிதத்தை "மில்" என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில் என்பது வரிமதிப்பில், அதாவது வரி போடக் கணக்கில் எடுக்கும் வீட்டு மதிப்பில், ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். சந்தையில் 2,00,000 டாலர் பெறும் வீட்டின் வரிமதிப்பு ஏறக்குறைய பாதி, அதாவது 1,00,000. அப்படியானால் ஒரு மில்லுக்கு ஆண்டுக்கு 100 டாலர். பல ஆண்டுகளாக அதே வீட்டில் இருப்பவருக்கு இன்னும் குறைவாகவே வரும். 1994-இல் வந்த மாற்றப்படி, வீடு கைமாறாத வரை வரிமதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். மாநில அரசியலமைப்பில் 1978-இல் வந்த ஹெட்லி திருத்தத்தால், சொத்து மதிப்புகள் விலைவாசியைவிட வேகமாக ஏறும்போது மில் விகிதம் தானாகக் குறையும். குறைந்ததை மீட்கும் பகுதியும் வாக்குச்சீட்டில் சேர்ந்திருந்தால், அந்த அளவுக்கு வரி கூடத்தான் செய்யும்.

சரி, பணம் எங்கே போகிறது? பேச்சுப் பயிற்சியாளர், வகுப்பில் பிள்ளையின் பக்கத்திலேயே உட்காரும் உதவியாளர், சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் பள்ளிப் பேருந்து. இந்தப் பிள்ளைகளுக்கு ஆகும் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு 1975-இல் சட்டம் போட்டது, இன்றுவரை முழுதாகத் தந்ததே இல்லை. சேவையை மறுக்கவும் சட்டம் விடாது. அதனால் இந்த வரி போனால் மற்ற வகுப்புகளுக்கான பணத்தில்தான் கைவைக்க வேண்டிவரும். மிச்சிகனில் இந்த உரிமை 25 வயது வரை நீள்கிறது. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நான் "ஆம்" என்றே போடச் சொல்வேன்.