மொட்டைமாடி நோட்டும் பி.எஸ்சி. இயற்பியலும்

அம்மா, விமானமே கதி என்று இருக்கிற உங்கள் பையனை என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டீர்கள். சனிக்கிழமை நீங்கள் கிளம்பிய அவசரத்தில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். பையனைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் உங்கள் அண்ணன் சொல்கிறபடி ஊர் நிலத்தை விற்று அவனைப் பைலட் பயிற்சியில் சேர்ப்பதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. ஐம்பது லட்சத்துக்கு மேல் ஆகும், லைசென்ஸ் வாங்கிய கையோடு வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கடன் வாங்கி ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படிக்கவைப்பதும் வேண்டாம்.

அவன் கொண்டுவந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? நாலாம் வகுப்பிலிருந்து, சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற உங்கள் பம்மல் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதியது. ஆடிக்காற்றில் வீட்டுக்கு மேலே ஏறிப்போகிற விமானங்கள் மார்கழியில் ஏன் இறங்கி வருகின்றன என்று யோசித்து, காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறான். எஞ்சினைப் பற்றி ஒரு வரி கிடையாது. எது முன்னால் வந்தது, அடுத்ததற்கு எத்தனை நிமிஷம் இடைவெளி, இதுதான் பக்கம் பக்கமாக.

இந்த இடைவெளியைப் பார்ப்பதே ஒரு வேலை அம்மா. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். எந்த விமானம் முதலில் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும், மேலும் கீழுமாகப் போகிற இரண்டுக்கு நடுவே ஆயிரம் அடி இருக்கிறதா என்று பார்த்துப் பைலட்டுக்குச் சொல்கிறவர். மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் என்ற பதவியில் எடுக்கிறது, அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். இயற்பியலும் கணிதமும் உள்ள மூன்று வருட பி.எஸ்சி. போதும், அரசுக் கலைக் கல்லூரியில் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சேரும்போது கணிதம் துணைப்பாடமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எழுத்துத் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அப்புறம் குரல் தேர்வு, மனநலச் சோதனை, மருத்துவப் பரிசோதனை. எடுத்த பிறகு பயிற்சியும் அவர்களே கொடுக்கிறார்கள்.

சுலபம் என்று சொல்லமாட்டேன். நாடு முழுக்கப் போட்டி, 2025 அறிவிப்பில் 309 இடங்கள்தான், வருஷா வருஷம் அறிவிப்பு வரும் என்றும் நம்பக்கூடாது. வயது வரம்பு 27 என்பதால் பட்டம் வாங்கிய பிறகும் சில வருஷம் கையில் இருக்கும், நடுவில் எம்.எஸ்சி. படிக்கலாம். கிடைத்தால் இரவு ஷிப்ட் உண்டு, வேறு மாநிலத்திலும் போடுவார்கள்.

நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருக்கிறதா என்று இந்த மாதமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆங்கிலம் அவனுக்குப் படிக்க வருகிறது, வாய் திறந்து பேச வரவில்லை. தினமும் அரை மணி நேரம் சத்தமாகப் பேசிப் பழகட்டும்.

நிலத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்க வேண்டாம் என்று அண்ணனுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.