15 வருட ஆல்டோவைக் கொடுத்துவிட்டு வேன் வாங்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். எங்கள் 2010 ஆல்டோ நன்றாகவே ஓடுகிறது. 15 வருடம் முடிந்துவிட்டதால் இனி காயலான் கடைதான் என்கிறார் புரோக்கர். அதை எடுத்துக்கொண்டு, மேலே பணம் வாங்கி, 2020 டெம்போ டிராவலர் தருகிறாராம். வீட்டில் ஐந்து பேர். மாதம் ஒருமுறை அம்மாவை வேலூர் சி.எம்.சி.க்கு அழைத்துப் போக வேண்டும். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். 15 வருடமானால் பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்பது டெல்லிப் பக்கத்துக் கதை. நம் ஊரில் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டினால் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். ஆன்லைனில் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் அதே தாள்களை ஏன் நேரில் கேட்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த அலைச்சலில்தான் புரோக்கருக்குச் சோறு.

டிராவலர் உங்கள் ஆல்டோவைவிட ரொம்ப நீளம். அம்மா படி ஏற வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் அதை எங்கே நிறுத்துவீர்கள்? ஆல்டோவில் ஏர்பேக் இல்லையே என்று பயந்தால், அது நியாயமான பயம். அதற்கு 2019 ஜூலைக்குப் பின் வந்த சின்னக் கார் பாருங்கள். ஓட்டுநருக்காவது ஏர்பேக் கட்டாயம் இருக்கும்.

வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்த வேன் சரி. அப்போதும் மஞ்சள் போர்டா (வாடகை வண்டியாகப் பதிவானதா), பெர்மிட் உங்கள் பெயருக்கு மாறுமா, வரி பாக்கி உண்டா, பைனான்ஸ் முடிந்து, கடன் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வந்ததா என்று பார்க்க வேண்டும். எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். "வெள்ளை போர்டா மாத்திக் குடுத்துடறேன் சார்" என்பார் புரோக்கர், அதாவது சொந்த உபயோக வண்டியாக; மாற்றிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம்கூட வேண்டாம். வெள்ளை போர்டு வேனைப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அனுப்பி டீசல் காசுக்கு மேல் நூறு ரூபாய் வாங்கினாலும் அது வாடகைதான். விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தோண்டுவது அதைத்தான். வருடத்தில் நாலு நாள் ஏலகிரி, திருப்பதி போக வேன் தேவை என்றால் ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள்.

அப்புறம், ஆல்டோவை எப்போது விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, யார் இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.