கடைவீதியைச் சீரமைக்கும்போது வீடற்றோர் விடுதியை ஊருக்கு வெளியே மாற்றினால் என்ன?

இங்கிலாந்தின் சிறுநகரங்களில் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாற்றலாம், ஆனால் அதனால் கடைவீதி பிழைத்துவிடாது. நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த பெரிய கடை நிறுவனங்களே போய்விட்டன: உல்வொர்த்ஸ் 2009 ஜனவரியில் கடைசிக் கடையை மூடியது, பிஎச்எஸ் 2016இல் போனது, டெபனாம்ஸ் 2021இல் போனது. அவற்றை மூடவைத்தது வாசலில் படுத்திருந்தவர் அல்லர். கடனும் இணைய வணிகமும்தான்.

விடுதி நகர நடுவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவர், வேலைவாய்ப்பு அலுவலகம், நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். பஸ் கட்டணம் இல்லாதவர் சந்திப்பைத் தவறவிட்டால் உதவித்தொகையே குறைக்கப்படலாம். விரட்டுவதும் பலன் தருவதில்லை: போர்ன்மத் என்ற கடற்கரை நகரின் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தவர்களை விரட்ட, இரவெல்லாம் பேக்பைப் என்ற ஊதுகருவியின் இசையை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் வீடு கிடைக்கவில்லை!

குடியிருப்போரின் புகார்கள் எல்லாம் வெறும் வெறுப்பு என்றும் சொல்லமாட்டேன். பல இரவுத் தங்குமிடங்கள் காலையில் ஆட்களை வெளியே அனுப்பிவிடும். அவர்கள் வேறெங்கே போவார்கள், கடைவாசலுக்குத்தான். இத்தகையோருக்குத் தங்குமிடத்தோடு ஆதரவும் தர அரசு நகராட்சிகளுக்கு வழங்கிய 'சப்போர்ட்டிங் பீப்பிள்' நிதி 2003இல் தொடங்கியது; அதை அந்த ஒரு பணிக்கே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு 2009இல் நீங்கியது. பிறகு அரசின் சிக்கன நடவடிக்கைகளும் வந்தன. பல இடங்களில் ஆதரவுப் பணியாளர்கள் குறைந்தார்கள், கட்டில்கள் மட்டும் மிஞ்சின.

ஆகவே விடுதிக்கு நகராட்சி திட்ட அனுமதி தருவது பற்றிய விவாதத்தில் 'வேண்டாம்' என்று கையெழுத்துத் திரட்டுவதைவிட, இரவும் பகலும் பணியாளர், பகலில் தங்கும் அறை, அண்டை வீட்டார் அழைக்க ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை நிபந்தனைகளாக எழுதும்படி கேளுங்கள்.